பத்தாயிரம் டாலர் நாற்காலி: போக்கர் போட்டிகளின் கதை

சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டிருப்பவன் எப்போது எழுந்து வீட்டுக்குப் போவான்? கையில் இருக்கும் காசு தீர்ந்ததும் என்று நீங்கள் நினைத்தால், சீட்டாடும் கூட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். மோதிரம் போய், கைக்கடிகாரம் போய், கடன் கொடுக்கவும் ஆளில்லாமல் போனால்தான் எழுந்திருப்பான். 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று சொல்லியே மேலும் மேலும் விடுவது நம்மூர் மூணு சீட்டுக்கும் பொருந்தும், அமெரிக்காவின் போக்கருக்கும் பொருந்தும்.

1971ல் லாஸ் வேகாஸில் இதற்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். எல்லோரும் ஒரே தொகையைக் கட்ட வேண்டும். அது தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். மறுபடி காசு போட்டு உட்கார முடியாது. கடைசியில் ஒருவர் மிஞ்சும் வரை ஆட்டம் நடக்கும். இவ்வளவுதான் விதி. ஆனால் ஆறு பேர் ஆடிய ஆட்டம் பத்தாயிரம் பேர் ஆடும் திருவிழாவாக மாறியதற்கு இந்த ஒற்றை விதிதான் அடிப்படை என்பது என் கட்சி. நான் பி.காம். மாணவன் என்பதால் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இந்தப் போட்டிகளில் பிரபலமானது 'டெக்சாஸ் ஹோல்டம்' என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் ரகசியமாகக் கொடுக்கப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் நான்கு சுற்று பந்தயம் கட்டலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய தொகையைக் கட்டி, எதிராளியைப் பயமுறுத்திச் சீட்டைக் கீழே போடவைப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி. அதற்கு 'ப்ளஃப்' என்று பெயர்.

*

பென்னி பினியன் என்பவர் டெக்சாஸ்காரர். டல்லாஸில் சூதாட்டத் தொழில் நடத்திவிட்டு 1940களில் லாஸ் வேகாஸுக்குக் குடிபெயர்ந்தவர். 1951ல் 'ஹார்ஸ்ஷூ' என்ற சூதாட்ட விடுதியைத் திறந்தார். வருமான வரி வழக்கில் 1953 முதல் 1957 வரை சிறையில் இருந்தார். (எங்கள் வரிச் சட்டப் பாடத்தில் இவரைப் போன்றவர்களை உதாரணமாகச் சொன்னால் வகுப்பில் யாரும் தூங்கமாட்டார்கள்!)

1970ல் பென்னியும் அவர் மகன் ஜாக்கும் நாட்டின் பெரிய போக்கர் ஆட்டக்காரர்களைத் தங்கள் விடுதிக்கு அழைத்தார்கள். 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு நடந்தது வழக்கமான பண ஆட்டம்தான். யார் சிறந்தவர் என்பதை ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். ஜானி மாஸ் தேர்வானார். முதல் ஓட்டெடுப்பில் ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, சூதாடிகளிடம் ஓட்டுப்பெட்டியைக் கொடுத்தால் அதுதானே நடக்கும்?

அடுத்த ஆண்டுதான் அந்தப் பூட்டு வந்தது. 1971ல் ஆளுக்கு 5,000 டாலர். ஆறு பேர். மறுபடியும் ஜானி மாஸ்தான் ஜெயித்தார், ஆனால் இந்த முறை ஓட்டில் அல்ல, மேஜையில். பரிசு 30,000 டாலர். 1972ல் கட்டணம் 10,000 டாலர் ஆனது. அமரில்லோ ஸ்லிம் என்ற ஒல்லியான, வாய்ச்சாலம் மிகுந்த மனிதர் ஜெயித்தார். ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கெல்லாம் போய்ப் பேசினார். சீட்டாடுபவன் என்றால் ரவுடி என்று நினைத்திருந்த பொதுமக்கள் முதல்முறையாக ஒரு சீட்டாட்டக்காரரின் பேச்சை ரசித்துக் கேட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதன்மைப் போட்டியின் கட்டணம் 1972ல் 10,000 டாலர். இன்றும் அதே 10,000 டாலர்தான்! ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விலை ஏறாத பொருள் உலகத்தில் வேறு எது இருக்கிறது? 1972ல் ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஓராண்டு வருமானமே ஏறக்குறைய 10,000 டாலர்தான். 2023ல் அது 80,000 டாலரைத் தாண்டியிருந்தது. அதாவது அன்று ஓராண்டு சம்பாத்தியம் மொத்தத்தையும் கொட்டினால் கிடைத்த நாற்காலி, இப்போது ஒன்றரை மாத சம்பாத்தியத்தில் கிடைக்கிறது. பணவீக்கம் எல்லோருக்கும் கெட்டது செய்யும் என்று படிக்கிறோம். இங்கே அது சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிட்டது.

*

இருந்தாலும் 10,000 டாலர் சும்மாவா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பத்துப் பேர் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு ஒரு சிறு போட்டி ஆடுவது. ஜெயிப்பவருக்குப் பணம் கிடையாது, பெரிய போட்டியில் ஒரு நாற்காலி கிடைக்கும். இதற்கு 'சாட்டிலைட்' என்று பெயர். அப்போது இந்தத் தொடரை நடத்தியவர்களில் ஒருவரான எரிக் டிராக் 1970களின் கடைசியில் இதைக் கொண்டுவந்தார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. 1977 வரை ஜெயித்தவருக்கே முழுப் பணமும். 1976லும் 1977லும் டாயில் பிரன்சன் அப்படித்தான் அள்ளிக்கொண்டு போனார். இரண்டு ஆண்டும் கடைசிக் கையில் அவரிடம் இருந்தது பத்தும் இரண்டும் என்பது வேடிக்கை. இன்றும் அந்த இரண்டு சீட்டுக்கு அவர் பெயர்தான். 1978 முதல் பரிசைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 1979ல் 54 பேர் ஆட, தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாத ஹால் ஃபௌலர் முதல்முறையாகப் பட்டம் வென்றார். 1982ல் ஆட்டக்காரர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

1983ல் டாம் மெக்கெவாய் ஜெயித்தார். சாட்டிலைட் வழியாக வந்து பட்டம் வென்ற முதல் ஆள் இவர். இவருடைய பழைய தொழில் என்ன தெரியுமா? கணக்காளர்! பேலன்ஸ் ஷீட்டோடு மல்லுக்கட்டும் எங்கள் கூட்டத்துக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்?

பரிசைப் பிரித்துக் கொடுப்பதில் ஒரு பொருளாதாரப் பாடம் இருக்கிறது. 2003 போட்டியை எடுத்துக்கொள்வோம். 839 பேர், ஆளுக்கு 10,000 சிப். நடத்துபவர்களின் 7 சதவீதம் போக, பரிசுத் தொகை 78,02,700 டாலர். அப்படியென்றால் தொடக்கத்தில் ஒரு சிப்பின் மதிப்பு 93 சென்ட். கடைசியில் ஜெயித்தவரிடம் 83,90,000 சிப்பும் குவிந்துவிட்டன. ஆனால் அவருக்குக் கிடைத்தது 25 லட்சம் டாலர்தான். சிப் ஒன்றுக்கு 30 சென்ட்கூட வரவில்லை. சேரச் சேர ஒவ்வொரு சிப்பின் மதிப்பும் குறைகிறது. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை நாங்கள் ஆப்பிளையும் ஆரஞ்சையும் வைத்துப் படித்தோம். இதை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரே நாளில் புரிந்திருக்கும். இதனால்தான் இந்தப் போட்டிகளில் நிறைய சிப் சேர்ப்பதைவிட வெளியேறாமல் பிழைத்திருப்பதற்குப் பல சமயம் மதிப்பு அதிகம்.

*

அந்த 2003ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்குள் இரண்டு விஷயங்கள் தயாராகியிருந்தன.

ஒன்று, இணையம். 1998ல் பணம் வைத்து ஆடும் முதல் போக்கர் தளம் வந்தது. சாட்டிலைட் ஆட லாஸ் வேகாஸ் போகவேண்டிய அவசியம் போய்விட்டது.

இரண்டாவது, ஆட்டக்காரரின் ரகசியச் சீட்டைக் காட்டும் கேமரா. இதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ஒரென்ஸ்டைன். ஹிட்லரின் வதை முகாம்களில் இருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்து, பொம்மைத் தொழிலில் பெரிய ஆளானவர். அதற்கு முன் தொலைக்காட்சியில் போக்கர் பார்ப்பது, ஒலி இல்லாமல் பாட்டுக் கச்சேரி பார்ப்பது போலத்தான். யாரிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கேமரா வந்த பிறகு, ஆடுபவருக்குத் தெரியாதது வீட்டில் சோபாவில் இருப்பவருக்குத் தெரிந்தது.

கிறிஸ் மணிமேக்கர், டென்னசியைச் சேர்ந்த 27 வயது இளைஞர். நிஜப் பெயரே அதுதான். தொழில்? மறுபடியும் கணக்காளர்! இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு சாட்டிலைட்டில் ஜெயித்து, அதன் வழியாக 10,000 டாலர் நாற்காலியைப் பிடித்தார். கடைசியில் சாம் ஃபார்ஹா என்ற அனுபவசாலியோடு நேருக்கு நேர். ஒரு கையில் மணிமேக்கரிடம் ராஜாவும் ஏழும். நடுவில் வந்த ஐந்து சீட்டில் ஒன்றுகூட அவருக்குச் சேரவில்லை. ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கர் தன்னிடம் இருந்த அத்தனையையும் தள்ளிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஃபார்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டு, ஜெயிக்கவேண்டிய சீட்டைக் கீழே போட்டார். கேமரா இல்லையென்றால் அது ப்ளஃப் என்று உலகத்துக்குத் தெரிந்திருக்காது. இந்த ஒரு கையை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

'கணக்கு எழுதுகிற ஒருத்தன் 86 டாலரை 25 லட்சம் ஆக்கிவிட்டானே, நம்மால் முடியாதா?' என்று ஊரே கிளம்பியது. 2003ல் 839 பேர். 2004ல் 2,576. 2005ல் 5,619. 2006ல் 8,773. மூன்றே ஆண்டுகளில் பத்து மடங்கு! 2006 அக்டோபரில் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்ததும் 2007ல் எண்ணிக்கை 6,358ஆக இறங்கியது. பிறகு மெல்ல ஏறி, 2023ல் 10,043, 2024ல் 10,112 பேர் ஆடினார்கள்.

*

இதுவரை சொன்னது வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தையும் எழுதாவிட்டால் கணக்கு சரியாக வராது.

2003ல் ஆடியவர்கள் 839 பேர். பரிசு பெற்றவர்கள் 63 பேர். மீதி 776 பேர் வெறுங்கையோடு போனார்கள். 2006ல் முதல் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலர். பரிசு பெற்றவர்கள் 873, பெறாதவர்கள் 7,900. ஜெயித்தவரின் பணம் வானத்தில் இருந்து விழவில்லை, இவர்கள் பையில் இருந்துதான் வந்தது. 86 டாலர் கதையும் அப்படித்தான். 86 டாலராகவே சேர்த்து 10,000 டாலர் ஆக்க வேண்டுமானால் 117 பேர் வேண்டும். ஒருவருக்கு நாற்காலி கிடைத்தால் 116 பேர் தோற்றிருக்கிறார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

திறமை இருந்தால் ஜெயிக்கலாமே என்பார்கள். திறமை வேண்டும்தான். ஆனால் கையில் இரண்டு ஆஸ் இருந்து, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, எல்லாப் பணமும் நடுவில் போய்விட்டாலும், ஐந்தில் ஏறக்குறைய ஒரு முறை ராஜாதான் ஜெயிக்கும். திறமையின் பலன் தெரிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். அதுவரை கட்டணம் கட்ட யாரிடம் பணம் இருக்கிறது?

ஸ்டூ உங்கரைவிடத் திறமைசாலி இல்லை என்று சொல்வார்கள். 1980, 1981, 1997 என மூன்று முறை முதன்மைப் பட்டம் வென்றவர். 1997ல் முதல் பரிசு 10 லட்சம் டாலர். 1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்துகிடந்தார். போதையும் மற்ற சூதாட்டங்களும் அவ்வளவையும் தின்றுவிட்டிருந்தன. அவர் கட்டுப்பாடாக ஆடிய ஒரே இடம் போட்டி மேஜைதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அங்கேதான் விதி அவரைக் கட்டிப்போட்டது.

அந்த விதியைத்தான் பிற்காலத்தில் தளர்த்தினார்கள். இப்போது பல போட்டிகளில் தோற்றவர் மறுபடி கட்டணம் கட்டி உள்ளே வரலாம். இணையத்திலோ ஒரு போட்டி முடிந்தால் அடுத்தது உடனே தயார். ஒரு போட்டியில் இழப்புக்கு எல்லை இருக்கிறது, போட்டிகளின் எண்ணிக்கைக்கு எல்லை இல்லை. விட்டதைப் பிடிக்கும் பழைய கதை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. 10,000 டாலர் முதன்மைப் போட்டி மட்டும் இன்னும் பழைய விதியிலேயே நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே ஒரு வாய்ப்பு.

இந்தப் பின்வாசல் நம் ஊருக்கும் வந்தது. தமிழ்நாடு 2022ல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்குத் தடை பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்று எத்தனை வருடம் வேண்டுமானாலும் வாதாடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு கேள்வி. தோற்றவன் எழுந்து போக வேண்டும் என்று அந்த ஆட்டத்தில் விதி இருக்கிறதா, இல்லையா?

நானும் நண்பர்களும் விடுதியில் போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. தீர்ந்தால் தீர்ந்ததுதான், அடுத்தவரிடம் கடன் வாங்கக்கூடாது. அந்தக் கொட்டைக்கு ஒரு பைசா மதிப்பில்லை. ஆனாலும் கடைசிப் பத்துக் கொட்டை இருக்கும்போது ஒவ்வொருவரும் யோசிக்கிற யோசனை இருக்கிறதே, செமஸ்டர் பரீட்சையில்கூட அப்படி யோசித்திருக்க மாட்டோம்! ஆட்டத்தின் சுவை பணத்தில் இல்லை, மறுபடி வாங்க முடியாது என்பதில் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

1971ல் ஆறு சூதாடிகள் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த வியாபாரிகள்தான் மறந்துவிட்டார்கள்.