பிள்ளையை ஆர் பார்க்கிறது?

1990ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி. பாகிஸ்தான் பிரதமர் பெனாசிர் பூட்டோவுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக வானொலிச் செய்தியில் சொன்னார்கள். அடுக்களையில் நின்ற என் அம்மா அகப்பையும் கையுமாக எட்டிப் பார்த்து, “அப்ப, பிள்ளையை ஆர் பார்க்கிறது?” என்று கேட்டார். நாட்டை ஆர் பார்ப்பது என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்டவர்கள் பாகிஸ்தானின் எதிர்க்கட்சியினர்.

நேயர்களே, பதவியில் இருந்தபடியே பிள்ளை பெற்ற, மக்களால் தெரிவான முதல் அரசாங்கத் தலைவர் பெனாசிர்தான். நமது சிறிமாவோ 1960 ஜூலையில் உலகின் முதற் பெண் பிரதமரானபோது அவரது கடைசி மகனுக்கே 11 வயது. கணவனை இழந்த நிலையில் மூன்று பிள்ளைகளோடு அவர் பட்ட பாடு வேறு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

பெனாசிரின் தாய்மை அரசியலுக்குள் இழுபட்டது பிரதமராகுமுன்பே. 1988இல் அவர் முதற் பிள்ளையைச் சுமந்திருந்தார். கர்ப்பிணியால் ஊரூராகப் போய் வாக்குக் கேட்க இயலாது என்று கணக்கிட்டே ஜெனரல் சியா உல் ஹக் தேர்தலை அறிவித்தார் என்று பெனாசிர் பின்னாளில் எழுதினார். பிரசவ நாளை அவர் வெளியே விடவில்லை. ஆகஸ்ட் 17இல் சியா விமானம் விழுந்து மாண்டார். செப்டெம்பர் 21இல் மகன் பிலாவல் பிறந்தான். நவம்பர் 16இல் தேர்தல். டிசம்பர் 2இல் கைக்குழந்தைக்காரியான பெனாசிர், தமது 35ஆவது வயதில், பிரதமர்.

இரண்டாம் பிரசவம் இதைவிடச் சிக்கலானது. 1989 நவம்பரில் அவருக்கெதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை 12 வாக்குகள் போதாமல் தோற்றது. அப்போது அவர் மீண்டும் கர்ப்பிணி; அமைச்சர்களுக்கே தெரியாது. ஜனவரி 25இல் கராச்சியில் சத்திரசிகிச்சை மூலம் பக்தாவர் பிறந்தாள். மறுநாளே தாய் கோப்புகளில் கையெழுத்திட்டார். பிரதமருக்குப் பிரசவ விடுமுறை கிடையாது என்று எதிர்க்கட்சி முழங்கிற்று. ஒரு பாடசாலை ஆசிரியைக்கு உள்ளது பிரதமருக்கு இல்லையாம்! ஆகஸ்ட் 6இல் ஜனாதிபதி அவரைப் பதவி நீக்கியபோது குழந்தைக்கு ஆறு மாதம்.

அதன்பின் பதவியிலிருந்து பிள்ளை பெற்றவர் நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டன். நாள் 2018 ஜூன் 21. பெனாசிர் பிறந்ததும் ஒரு ஜூன் 21தான். ஆர்டன் எதையும் ஒளிக்கவில்லை. ஜனவரியிலேயே ஊரறியச் சொன்னார். ஆறு வார விடுமுறையில் போனார்; பிரதிப் பிரதமர் நாட்டைப் பார்த்தார். பிள்ளையைத் தகப்பன் வீட்டில் இருந்து பார்ப்பார் என்றும் முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

அம்மா அப்போது இல்லை. இருந்திருந்தால் அடுக்களைக்குப் போய்ச் சொல்லியிருப்பேன்.