ஐயமும் மொழிபெயர்ப்பும்: நேட்டாலில் நிகழ்ந்த ஓர் உரையாடல்

மொழிபெயர்ப்பு வரலாறுகள் பெரும்பாலும் மொழிபெயர்த்தவரின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. அவருக்கு மொழியைக் கற்பித்தவரும் உரிய சொல்லைத் தேடித் தந்தவரும் 'தகவலாளர்' என்னும் பொதுப்பெயருக்குள் மறைந்துவிடுகின்றனர். ஆயின், அத்தகைய துணைவர் ஒருவர் எழுப்பிய வினா, மொழிபெயர்ப்பாளரின் சமய நம்பிக்கையையே மறு ஆய்வுக்கு உட்படுத்தியதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் விவிலியம் ஜூலு மொழியில் பெயர்க்கப்பட்டபோது இது நிகழ்ந்தது.

ஜான் வில்லியம் கொலென்சோ (1814–1883) கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். பள்ளி மாணவர்க்கான எண்கணித நூல்களால் இங்கிலாந்தில் அறிமுகமானவர். 1853-இல் நேட்டாலின் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக அமர்த்தப்பெற்றார். 1855-இல் ஜூலு இலக்கண நூலையும் 1861-இல் ஜூலு–ஆங்கில அகராதியையும் வெளியிட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகில் அவர் நிறுவிய சமயப்பணி நிலையம் 'எக்குக்கன்யேனி' எனப்பட்டது; 'ஒளியின் இடம்' என்பது அதன் பொருள். அங்கு அவருக்குத் துணைநின்றவர்களுள் வில்லியம் இங்கிடி குறிப்பிடத்தக்கவர். ஜூலுவைத் தாய்மொழியாகக் கொண்ட இவர் கிறித்தவத்தைத் தழுவியவர். 1859-இல் பேராயருடன் ஜூலு மன்னர் இம்பாண்டேயைக் காணச் சென்று வந்த பயணத்தைத் தம் மொழியிலேயே எழுதினார்; அவ்வெழுத்து 1860-இல் அச்சாயிற்று.

பேராயர் தொடக்கத்திலிருந்தே கேட்டறியும் இயல்பினராக இருந்தார். கடவுளைக் குறிக்க மறைப்பணியாளர் பலர் கையாண்ட 'உதிக்சோ' என்ற சொல், கோய்கோய் மொழியிலிருந்து கோசா மொழி வழியாக வந்தது. ஜூலு மக்களுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. எனவே அவர், ஜூலு மக்களிடமே கேட்டு, 'உங்குலுங்குலு', 'உம்வெலின்கங்கி' ஆகிய வழக்குச் சொற்களை ஏற்றார். ஹென்றி காலவே 1868 முதல் பகுதிகளாக வெளியிட்ட ஆய்வில், 'உங்குலுங்குலு' என்பது பலருக்கு முதல் மூதாதையையே குறித்தது எனக் காட்டினார். சொல்தேர்வு பற்றிய இவ்வழக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டது எனக் கூற இயலாது. எனினும், ஒரு மக்களின் மொழியில் இறைவனுக்குப் பெயர் முன்னரே உண்டு என ஒப்புக்கொண்டவர், அம்மக்கள் அவ்விறைவனைப் பற்றி வினவும் உரிமையையும் மறுக்க இயலாதவராகிறார்.

அவ்வினா ஆதியாகமத்தின் பெருவெள்ளக் கதையை மொழிபெயர்க்கையில் எழுந்தது. வெப்ப நாட்டு விலங்குகளும் குளிர்நாட்டு விலங்குகளும் இணை இணையாக வந்து பேழையில் ஏறினவா, ஊன் உண்ணும் விலங்குகளுக்கும் நோவா உணவு சேர்த்தாரா, இவையனைத்தும் மெய்தானா என உதவியாளர் வினவினார். அவர் இங்கிடியே என்பது ஆய்வாளர் கருத்து. பேராயரோ நிலவியல் கற்றவர். பிரான்சின் ஓவர்ன் பகுதியில் தளர்ந்த எரிமலைச் சாம்பல் மூடிய பழங்குன்றுகள் உள்ளன என்பதையும், உலகளாவிய வெள்ளம் வந்திருப்பின் அச்சாம்பல் எஞ்சியிராது என்பதையும் அறிந்தவர். விவிலியத்தின் பொதுநம்பகத்தைக் குலைக்காத வகையில், அப்போதைக்கு நிறைவளிக்கும் விடையொன்றை அவர் கூறினார். ஆயினும் தாம் நம்பாத ஒன்றை இன்னொரு மனிதர் நம்புமாறு இறைவன் பெயரால் வற்புறுத்தலாகாது என்ற முடிவுக்கு அவரது மனச்சான்று வந்தது.

மற்றோர் இடம் யாத்திராகமத்தின் அடிமைச் சட்டம். அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து பின்னர் இறப்பின், அவன் தலைவனின் உடைமை என்பதனால் தண்டனையில்லை என்கிறது அப்பகுதி. அச்சொற்களை இறைவாக்காகத் தம் மொழியில் முதன்முறை கேட்ட ஜூலு கிறித்தவர் ஒருவர் அடைந்த அருவருப்பைத் தம்மால் மறக்க இயலாது எனப் பேராயர் எழுதினார். இது மொழிபெயர்ப்பியலார் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் பழகிப்போன ஓசையால் காதைக் கடந்து சென்ற தொடர், ஜூலுவில் பழக்கத்தின் காப்பின்றி வெறும் பொருளாக நின்றது. அறநெறி சார்ந்த ஐயம் வெளியிலிருந்து வரவில்லை. மூலத்துக்கு உண்மையாக இருந்த மொழிபெயர்ப்பே அதனை வெளிக்கொணர்ந்தது.

இதன் விளைவாகப் பேராயர் எழுதத் தொடங்கிய ஐந்தாகம ஆய்வின் முதற்பகுதி 1862-இலும் ஏழாம் பகுதி 1879-இலும் வெளிவந்தன. ஆறு இலட்சம் போர்வீரரைக் கொண்ட மக்கள்திரள் பாலைவனத்தில் எவ்வாறு வாழ்ந்திருக்கும் என அதில் கணக்கிட்டுக் கேட்டார். மதம் மாற்றச் சென்ற பேராயரை ஜூலுக்களே மாற்றிவிட்டனர் என்று இங்கிலாந்தில் எள்ளினர். 1863-இல் கேப்டவுன் பேராயர் இராபர்ட் கிரே அவரைப் பதவிநீக்கம் செய்தார். 1865-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பு செல்லாது என்றது. கொலென்சோ திருச்சபையைத் துறக்கவில்லை. 1879-இல் இசாண்ட்ல்வானாவில் ஆங்கிலப் படை தோற்றதும் பழிவாங்கும் உணர்வு ஓங்கியபோது, நீதியையும் இரக்கத்தையும் வலியுறுத்திப் படையெடுப்பைக் கண்டித்து அவர் மறையுரை ஆற்றினார். வரலாற்றுச் செய்தியாக ஒரு கதையை ஐயுற்றவரிடம் சமயத்தின் அறக்கட்டளை வலுவிழக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இவ்வுரையாடல் சமநிலையில் நிகழ்ந்தது எனக் கூறுதல் பொருந்தாது. ஒருவர் பேராயர், மற்றவர் அவருடைய நிலையத்தில் பணியாற்றியவர். உதவியாளரின் வினா நமக்குப் பேராயரின் எழுத்து வழியாகவே கிடைக்கின்றது. 1862-ஆம் ஆண்டு முன்னுரையில் அவர் புகழப்படுகிறார்; பெயர் சுட்டப்படவில்லை. குழந்தைக்குரிய பணிவும் முதிர்ந்தோர்க்குரிய பகுத்தறிவும் கொண்டவர் என்ற அப்புகழ்ச்சியிலும் குடியேற்றக் காலத்தின் மனப்பாங்கு தெரிகிறது. இருப்பினும், வினவியவரை அறியாதவர் என்றோ நம்பிக்கையற்றவர் என்றோ ஒதுக்காமல், அவ்வினாவுக்கு விடை கூறும் கடமை தமக்குண்டு எனப் பேராயர் கொண்டார். நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் இடையே மதிப்புள்ள உரையாடல் நிகழ இதுவே அடிப்படையாகும்.

மொழிபெயர்ப்பு வரலாறு எழுதுவோர் இதிலிருந்து பெறும் முறையியல் முடிவு ஒன்றுண்டு. உதவியாளர் தந்த சொற்களைப் பதிவு செய்வது போலவே, அவர் தயங்கிய இடங்களையும் மறுத்த இடங்களையும் பதிவு செய்தல் வேண்டும். எந்தத் தொடரில் பணி நின்றது, யார் வினவினார், என்ன விடை கூறப்பட்டது என்பவை மொழிபெயர்ப்பின் புறச்செய்திகள் அல்ல. பொருள்கோளின் வரலாறே அவைதாம்.