பரணில் கிடக்கும் சரித்திரம்

சரித்திரம் என்றால் ராஜாக்களும் யுத்தங்களும் என்றே பள்ளியில் படித்தோம். அந்த ராஜாக்களுக்கு எந்தப் பாத்திரத்தில் சமையல் நடந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இதற்கு விதிவிலக்கு, அக்பர் சபையில் இருந்த அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி. சக்கரவர்த்தியின் தாமிரப் பாத்திரங்களுக்கு மாதம் இரு முறை, இளவரசர்களுடையவற்றுக்கு ஒரு முறை ஈயம் பூச வேண்டும், உடைந்தவற்றைக் கன்னாரிடம் கொடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது.

ரசாயனம் படித்தவன் என்பதால் இதன் காரணம் எனக்கு விசேஷமாகப் பட்டது. புளியும் தயிரும் பட்டால் தாமிரத்திலும் பித்தளையிலும் களிம்பு ஏறும். அது உடம்புக்கு ஆகாது. வெள்ளீயம் அந்த அளவு பாதிக்கப்படாது. அது 232 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகுவதால் கரி அடுப்பே போதும். சூடான பாத்திரத்தில் நவச்சாரம் தூவித் தேய்த்தால் ஆக்ஸைடு நீங்கி ஈயம் நன்றாகப் பிடிக்கும். தெருவோரம் துருத்தியோடு உட்கார்ந்த கலாய்க்காரர் இதைக் கல்லூரிக்குப் போகாமலே அறிந்திருந்தார்.

மத்திய அரசு உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலானபோது, போன இடத்திலெல்லாம் ஓர் அரிவாள்மணையாவது வாங்குவது என் வழக்கமாயிற்று. கொல்லர் கையால் அடித்ததாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மராட்டியர் இதை விளி என்கிறார்கள். வங்காளிகளுக்குப் போன்ட்டி, கன்னடர்களுக்கு ஈளிகெ மணெ, தெலுங்கர்களுக்குக் கத்திபீட்ட. பெயர்தான் வேறு, தத்துவம் ஒன்று: கத்தி அசையாது, காய்தான் அசையும். வங்காளத்தில் மீனுக்கென்று தனி போன்ட்டி உண்டு. 1873-ல் பெரும் பரபரப்பாகப் பேசப்பட்ட தாரகேஸ்வர் கொலை வழக்கைக் காளிகட் ஓவியர்கள் படங்களாக வரைந்தார்கள். கணவன் கையில் அந்த மீன் போன்ட்டியைக் காணலாம். சமையலறைச் சாமானுக்கு இப்படித்தான், தற்செயலாகச் சாட்சியம் கிடைக்கிறது.

அதைத் தேடிச் சேர்த்தவர்களும் உண்டு. புனேயில் மூக்குக் கண்ணாடி வியாபாரம் செய்த கவிஞர் தினகர் கேல்கர், 1920 வாக்கில் பழம்பொருள்களைச் சேகரிக்க ஆரம்பித்தார். ஏழு வயதில் இறந்துபோன தம் ஒரே மகன் ராஜாவின் பெயரை அந்தச் சேகரிப்புக்கு வைத்தார். பாக்குவெட்டி, தேங்காய்த் துருவி, சேவை நாழி, விளக்கு என்று சுமார் 20,000 பொருள்கள் சேர்ந்தன. 1975-ல் அனைத்தையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். நுணுக்கமான வேலைப்பாடுள்ள அந்தப் பாக்குவெட்டிகளைச் செய்தவர் யார், பயன்படுத்திய பெண்மணி யார் என்பது தெரியாது. பொருள் பிழைத்தது; பெயர் பிழைக்கவில்லை.

1960, 70-களில் எவர்சில்வர் வந்தது. பரம்பரைப் பித்தளையும் வெண்கலமும் எடைக்குப் போய் உலையில் உருகின. துலக்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம் என்றால் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதிதானே! அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆமதாபாத்தில் சுரேந்திர படேல் 1981-ல் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கி, ஆயிரக்கணக்கில் காப்பாற்றினார்.

செய்யும் கைகளையும் காப்பாற்ற வேண்டாமா? அமிர்தசரஸ் அருகே ஜண்டியாலா குருவில் டட்டேரா சமூகத்தார் தாமிரத்தையும் பித்தளையையும் கையால் அடித்துப் பாத்திரம் செய்கிறார்கள். தரையில் புதைத்த சிறு அடுப்பில் காய்ச்சி, சுத்தியால் அடித்து, கடைசியில் மணலும் புளிக்கரைசலும் போட்டுத் தேய்ப்பார்கள். தகப்பன் மகனுக்கு வாய்மொழியாகச் சொல்லித் தரும் வித்தை இது. 2014-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியலில் சேர்ந்தால் மட்டும் ஒரு தொழில் பிழைக்காது. வாங்குவதற்கு ஆள் வேண்டும்.

நம் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்யாணச் சீராக வந்த பாத்திரங்களில் பெயரும் வருஷமும் வெட்டும் வழக்கம் நம்மிடம் இருந்தது. என் பாட்டியின் தாயார் பெயரைக் குடும்பத்தில் எல்லோரும் மறந்துவிட்டோம். ஒரு வெண்கலப் பானையின் விளிம்பில் வெட்டியிருந்ததால்தான் அது எங்களுக்குத் தெரிய வந்தது. அந்த அம்மாளுக்கு வேறு எந்தச் சாசனமும் கிடையாது. ஃபிளாட்டில் இடமில்லை என்று பரணைக் காலி செய்கிறவர்கள், தராசில் வைப்பதற்கு முன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்; இது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, இதில் என்ன செய்வார்கள் என்று வீட்டில் மூத்த பெண்மணிகளைக் கேட்டு எழுதுங்கள். பானை போனாலும் பெயராவது நிற்கட்டும்.