மணிக்கட்டு முறிவும் இழுவை வைத்தியமும்

வழுக்கி விழும் மனிதன் தன்னையறியாமலே கையை ஊன்றுகிறான். உடற்பாரம் முழுவதும் மணிக்கட்டிற் பொறுக்க, ஆரை என்பு முறிகின்றது. கவிழ்த்த முள்ளுக்கரண்டிபோல் வளைந்து நிற்கும் அக்கையை மேல்நாட்டு வைத்தியர் நெடுங்காலம் மூட்டு விலகல் என்றே கருதினர். இது முறிவே எனப் பிரான்சிய வைத்தியர் பூட்டோ எழுதிய குறிப்பு, அவர் மறைந்தபின் 1783இல் அச்சேறியும் பலர் கண்ணிற் படவில்லை.

1814இல் டப்ளின் நகரத்து ஆபிரகாம் கோலிஸ் என்பார் வரைந்த சிறு கட்டுரையே உண்மையை நிலைநாட்டத் தொடங்கிற்று. எக்ஸ்கதிர் தோன்ற இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. விரல்களே அவருக்குக் கண்கள். கையைப் பற்றி இழுத்தார், வளைவு மறைந்தது. விட்டார்; மீண்டும் வளைந்தது. மூட்டு விலகலாயின் பொருந்தியபின் அப்படியே நிற்குமன்றோ? முறிவு என்பின் நுனிக்கு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலே உள்ளதென அவர் தெளிந்தார்.

கவனியாது விட்டாலும் கோணல் மட்டுமே எஞ்சும், காலப்போக்கில் நோவு நீங்கிக் கை முன்போல் இயங்கும் என்றும் அவர் ஆறுதல் கூறினார். இதனை என்னால் முழுதும் ஏற்க இயலவில்லை. முதியோர் பலர்க்கு ஒக்கலாம். மூட்டுக்குள்ளேயே என்பு சிதறிய இளைஞனுக்கு ஒவ்வாது.

இழுத்த கையை விடாது பிடித்திருப்பது எப்படி? (முறிவு நெறிவுக்குக் கட்டும் நம்மூர்ப் பரியாரிமாரும் இழுத்தே பொருத்துவர்.) பரிஸ் சாந்துக் கட்டு 1850களிற் பரவிற்று. ஆயினும் வீக்கம் வற்றக் கட்டுத் தளர்ந்தது, துண்டுகள் சரிந்தன. வியன்னாவின் லொறன்ஸ் பேலர், என்பிற் செருகிய ஊசிகளைச் சாந்தோடு பிணைத்தார். 1944இல் அமெரிக்கரான றொஜர் அன்டர்சனும் ஓநீலும் சாந்தை நீக்கி, உள்ளங்கை என்பிலும் ஆரை என்பிலும் ஏற்றிய ஊசிகளைத் தோலுக்கு வெளியே உலோகச் சட்டத்தாற் பூட்டினர். கயிற்றை இறுக்கக் கூடாரச் சீலை நிமிர்வதுபோல, இழுபட்ட இணையங்கள் என்புத் துண்டுகளையும் இழுத்து நிறுத்தின. பிரான்சிய வைத்தியர் விடால் 1979இல் இவ்விதிக்குப் பெயரே சூட்டினார்.

எனினும் இணையம் பற்றாத நடுத்துண்டு, எவ்வளவு இழுத்தாலும் எழாது. மிகையாக இழுத்தாலோ விரல்கள் விறைத்துப்போம்; ஊசித்துளையிற் சீழும் பிடிக்கும். கையைக் காக்க வந்த சட்டமே கையை முடக்கிய கதைகள் உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டி உள்ளங்கைப் பக்கமாகப் பூட்டும் உலோகத் தகடுகள் வந்தபின் சட்டத்தின் பயன் குறைந்தது. ஆயினும் தோல் கிழிந்து என்பு வெளியே தெரியும் கொடிய காயங்களில் வைத்தியர் இன்றும் அதனையே முதலிற் பூட்டுவதுண்டு.