வெற்றுக் கோதும் பேரரசும்: பித்தளைத் தோட்டாவின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

ஈழத்துத் தமிழர் வழக்கில் துவக்கு இருவகைப்படும். ஒன்று இடியன், மற்றையது தோட்டாத் துவக்கு. இடியன் என்ற பெயரே அதன் தொழிற்பாட்டைக் கூறிவிடுகிறது. வெடிமருந்தையும் ஈயக் குண்டுகளையும் குழலின் வாய்வழியே இட்டுக் கோலினால் இடித்து இறுக்குவதனால் அது இடியன் ஆயிற்று. வன்னியிலே பயிரைக் காக்கப் பன்றி விரட்டிய விவசாயி ஒவ்வொரு வெடியையும் தன் கையாலேயே ஆக்கிக்கொண்டான். தோட்டாத் துவக்கினை உடையவனோ, கடல் கடந்த தொழிற்சாலையொன்றில் ஆக்கப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட பண்டத்தை விலைகொடுத்து வாங்கவேண்டியவனானான். ஆகவே இவ்விரு சொற்களும் இரு கருவிகளை மட்டுமன்றி, இருவேறு உற்பத்தி உறவுகளையும் குறித்து நிற்கின்றன எனலாம்.

தோட்டா வெடித்தபின் எஞ்சும் பித்தளைக் கூட்டினை நம்மவர் கோது என்பர். புளியங்கோது, முட்டைக்கோது என்பன போல, உள்ளீடு நீங்கியபின் எறியப்படுவது என்பதே அச்சொல் தரும் பொருள். ஆனால் தோட்டாவின் கோது உண்மையில் எறியப்படவேண்டியதொன்றா? அதனை எறிந்தவர் யார், பொறுக்கியெடுத்து மீண்டும் உருவாக்கியவர் யார் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1857இல் இந்தியச் சிப்பாய்களின் எழுச்சிக்கு உடனடிக் காரணமாயிருந்த என்பீல்ட் தோட்டா காகிதத்தாலானது. 1866இல் வூலிச் படைக்கல ஆலையைச் சேர்ந்த எட்வர்ட் பொக்சர், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டா பிரித்தானியப் படையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1884-85 சூடான் போரிலே இத்தகைய சுருட்டுத் தோட்டாக்கள் வெடித்தபின் துவக்கினுள் இறுகிக் கிழிந்து, படையினரைக் கையறு நிலைக்கு உள்ளாக்கின. அதன் விளைவாக, ஒரே தகட்டிலிருந்து இழுத்து உருவாக்கப்பட்ட முழுப் பித்தளைக் கோது நிலைபெற்றது. பலாத்காரத்தின் வெற்றி படைக்கல உற்பத்தியிலும், அது பொதுவான பொருள் உற்பத்தியிலும் தங்கியுள்ளது என ஏங்கெல்ஸ் 1878இல் நூலாக வெளிவந்த 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் ஆக்கத்தில் வாதித்தமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

கோதின் இயல்பை விளங்கிக்கொள்ள ஆலைக்குச் செல்லவேண்டியதில்லை. வெள்ளவத்தையில் விற்கும் குத்துவிளக்கும், கொட்டாஞ்சேனை வீடுகளிலே புழங்கும் பித்தளைச் செம்பும் இதே உலோகக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நெளிந்த பாத்திரத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்தும் கன்னார், அடிபட அடிபடப் பித்தளை கடினப்படும் என்பதையும், மேலும் தட்டினால் வெடிக்கும் என்பதையும், நெருப்பில் காய்ச்சினால் மீண்டும் இளகும் என்பதையும் அனுபவத்தால் அறிவர். தோட்டாக் கோது ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. வெடி அமுக்கத்தால் அது விரிந்து, துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டி வாயுவைத் தடுக்கிறது. அமுக்கம் தணிந்ததும் சற்றே சுருங்குவதனால் வெளியே எடுக்க முடிகிறது. ஆயினும் பழைய அளவுக்கு அது முற்றாகத் திரும்புவதில்லை. சுட்ட துவக்கின் அறையளவை அது தன்னுடலில் பதித்துக்கொள்கிறது. எனவே வேறொரு துவக்கினுள் நுழைய மறுக்கவும் கூடும்.

மீள நிரப்புவோர் இதன்பொருட்டு, எண்ணெய்ப் பசை பூசிய கோதை உருக்கு அச்சொன்றினுள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வர். அவ்வாறு ஒடுக்கும்போது உலோகம் நீளவாட்டில் ஓடுவதனால், மிகுந்த நீளத்தை நறுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கழுத்துப்பகுதி கடினப்பட்டு வெடிக்க முற்படும். அதனைக் காய்ச்சி இளக்கலாம். அடிப்பகுதியை இளக்கலாகாது, அமுக்கத்தைத் தாங்குவது அதுவேயாதலின். கன்னாரின் பட்டறை அறிவும் இந்த அச்சின் அறிவும் அடிப்படையில் ஒன்றே.

இங்கே ஒரு வரலாற்று முரண் நோக்கத்தக்கது. ஆங்கிலேயரான பொக்சரின் தீமூட்டி அமைப்பு அமெரிக்காவில் நிலைபெற்றது; அமெரிக்கரான பேர்டனின் அமைப்பு ஐரோப்பாவிலும் பிரித்தானியப் படையிலும் நிலைபெற்றது. பொக்சர் முறையில் நடுவே ஒரு துளை இருப்பதனால், பாவித்த தீமூட்டியை ஊசியொன்றால் எளிதில் தள்ளிவிடலாம். பேர்டன் முறையில் அது கடினம். 1880களில் அமெரிக்கப் படையினர் பயிற்சிச் செலவைக் குறைக்கக் கோதுகளை மீள நிரப்பினர். இந்திய உபகண்டத்தின் வடமேற்கு எல்லையிலோ, கோகாட்டுக்கு அண்மையிலுள்ள தர்ரா ஆடம் கேலில், பாவித்த கோதுகளைத் திரட்டி மீள நிரப்புவது துவக்குச் செய்தலோடு இணைந்த கைத்தொழிலாக வளர்ந்தது. பேரரசு அவர்களுக்குத் தோட்டா விற்காது. ஆகவே பேரரசின் கழிவு அவர்களது மூலப்பொருளாயிற்று. படைமுகாம்களில் வெற்றுக் கோதுகளை எண்ணி ஒப்புவிக்கும் நடைமுறையின் பொருள் இப்பின்னணியிலேயே விளங்கும். 1857இன் பின்னர் இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரித்தானியச் சிப்பாய்களினதிலும் ஒரு தலைமுறை பிந்திய துவக்குகளை வழங்கிய கொள்கையும் இதே அச்சத்தின் மறுபக்கமாகும்.

ஆனால் உலோகம் பேரரசின் கட்டளைக்கு முற்றாகப் பணியவில்லை. இந்தியாவில் மழைக்காலத்திலே குதிரைலாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்கள் சுடப்படாமலே வெடிப்புக் கண்டன. பருவத்தோடு தோன்றியதனால் அதனைப் பருவ வெடிப்பு என்றனர். 1921இல் மூர், பெக்கின்சேல், மலின்சன் ஆகியோர் இதனை விளக்கினர். உருவாக்கும்போது கோதினுள் தங்கிய இறுக்கமும், குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும் சேர்ந்தே பித்தளையைப் பிளந்தன. மிதமான வெப்பத்தில் காய்ச்சி உள்ளிறுக்கத்தை நீக்குவதே பரிகாரமாயிற்று. கன்னார் கைப்பழக்கமாகச் செய்துவந்ததன் விஞ்ஞான விளக்கம் இவ்வாறு கிட்டியது.

இலங்கையில், 1915 யூனில் படைச்சட்டத்தின் கீழ்ப் பஞ்சாப் படையினர் கொழும்பு வீதிகளில் நிறுத்தப்பட்டனர். மறுவருடம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. சுதந்திரத்தின் பின்னரும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்சட்டம் வெடிமருந்தினைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. துவக்கை மட்டும் அடக்கினாற் போதாது, அதனை ஊட்டும் பொருளையும் அடக்கவேண்டும் என்பதை ஆட்சியாளர் நன்குணர்ந்திருந்தனர்.

2009இல் போர் முடிந்தபின், வாழ்வாதாரமிழந்த வன்னி மக்கள் பழைய உலோகம் பொறுக்கிப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். வெடிக்காது கிடந்தவற்றைத் தொட்டுக் காயமுற்றோரும் இறந்தோரும் அவர்களிடையே உளர். இடியனைத் தன் கையால் இடித்த விவசாயியின் பேரப்பிள்ளைகள், பிறர் சுட்ட கோதுகளை நிறைக்கு விற்கலாயினர். தோட்டாவை ஆக்கியவருக்கு அது பண்டம், சுட்டவருக்குக் கழிவு, பொறுக்கியவருக்கு ஒருநாட் சோறு. ஒரே பித்தளை மூவர்க்கும் மூன்று பொருளாவது உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் உள்ளன என்பதைப் பொறுத்ததேயாகும். உருக்கிய பித்தளையில் துவக்கறையின் அளவு அழிந்துவிடும். அது யார் சுட்ட துவக்கு, பொறுக்கிய கை யாருடையது என்பவற்றை அழியாது காப்பது வரலாற்றாய்வாளர் கடனாகும்.