முதல் வாரங்களிலேயே பயிற்சியை விட்டு விலகுவது ஏன்?

இராணுவக் கல்லூரியில் சேரும் இளைஞர்களில் சிலர் முதற்கட்டப் பயிற்சியைக்கூடத் தாண்டுவதில்லை. உடல் தாங்கவில்லை என்பதே வழமையாகச் சொல்லப்படும் காரணம். ஆய்வுகள் காட்டுவது வேறு.

அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் கல்லூரியில் புதியவர்களுக்கான கோடைப் பயிற்சி ஏறத்தாழ ஏழு வாரம். 2004இல் சேர்ந்த 1,218 பேரில் 71 பேர் அது முடிவதற்குள் விலகினார்கள். பரீட்சைப் புள்ளி, உடற்தகுதி, தலைமைத்துவம் எல்லாம் சேர்த்துக் கணிக்கும் மதிப்பெண்ணால் விலகப்போவது யார் என்று சொல்ல முடியவில்லை. நீண்டகால இலக்கை விடாமல் பற்றிநிற்கும் குணமே அதை நன்றாகக் காட்டியது என்று கண்டவர் உளவியலாளர் ஏஞ்சலா டக்வர்த். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு அங்கு சேர்ந்த 11,320 பேரைப் பற்றியது. அதிகாரியாக வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுக்காகவே வந்தவர்கள் கூடுதலாக நிலைத்தார்கள். அந்த விருப்பத்தோடு வேலை, வருமானம் போன்ற பயன்களையும் பெரிதாக எண்ணி வந்தவர்கள் அந்தளவுக்கு நிலைக்கவில்லை.

ஹட்டன் பகுதியில் உயர்தர மாணவர்களுக்குப் பல வருடங்கள் படிப்பித்த எனக்கு, இந்த முடிவை அப்படியே எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்த முடியவில்லை. லயன் அறையிலிருந்து போகும் பிள்ளைக்கு மாதச் சம்பளம் சின்னக் காரணம் அல்ல. அதை நம்பித்தான் குடும்பமே இருக்கும். இராணுவத்தில் கட்டளைகள் சிங்களத்தில் வரும். கட்டளை விளங்காமல் பிந்துபவன் சோம்பேறி என்று பெயரெடுப்பான். அது மனவுறுதிக் குறைவு அல்ல.

இன்னொன்றும் உண்டு. இலங்கை இராணுவக் கல்லூரி இருக்கும் தியத்தலாவை, ஹட்டனிலிருந்து பதுளை ரயிலில் போனால் வரும் இடம்தான். அதற்கு அடுத்த ஊர் பண்டாரவளை. அதன் அருகே பிந்துனுவெவ மறுவாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25இல் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. 'முகாம்' என்ற சொல் எங்கள் வீடுகளில் வெறும் சொல் அல்ல.

2011 மே மாதம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களுக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. யுத்தம் முடிந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்தன. "போகாவிட்டால் கெம்பஸ் கிடைக்காதா சேர்?" என்று கேட்ட தாய்மாரை நான் அறிவேன். வெஸ்ட் பொயின்டில் விரும்பி வந்தவர் விரும்பினால் விலகலாம். தானாகத் தெரிவு செய்யாத இடத்தில் ஒருவர் தாக்குப்பிடித்தார் என்பதை வைத்து அவருடைய மனவுறுதியை அளக்க முடியாது.

படையோ பொலிஸோ வேறெந்த வதிவிடப் பயிற்சியோ, போகும் முன் நான்கு விடயங்களைக் கேட்டறியுங்கள். போவது யாருடைய விருப்பம்? எந்த மொழியில் பயிற்சி? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா? வீட்டோடு எப்போது பேசலாம்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பி வந்த பிள்ளையை 'தோத்து வந்தவன்' என்று தோட்டத்தில் பேசாதீர்கள். ஏன் வந்தான் என்று முதலில் அவனிடம் கேளுங்கள்.