கோப்பாக வந்த கொலைக்கதை

ஆர்தர் கோனன் டாயில் 1903-இல் எழுதிய நடனமாடும் மனிதர்கள் கதையில், ரகசியச் செய்தியாக வரும் குச்சி உருவங்கள் வரிசை வரிசையாகப் பக்கத்திலேயே அச்சாகியிருந்தன. ஷெர்லாக் ஹோம்ஸ் பார்க்கும் அதே உருவங்கள் வாசகர் கண்முன்னும் இருந்தன. பொறுமை உள்ளவர், எந்த உருவம் அடிக்கடி வருகிறது என்று ஹோம்ஸுக்கு முன்பே எண்ணிப் பார்க்கலாம். அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான ஸ்டைல்ஸ் மாளிகைக் கொலைக் கதையில் (1920) வீட்டின் வரைபடமும், கிழிந்த காகிதத் துண்டின் நகலும் இடம்பெற்றன. தடயங்களை வாசகரிடமிருந்து மறைக்கக்கூடாது என்பது அந்தக் காலத் துப்பறியும் எழுத்தின் தர்மம். 1929-இல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் அதுவும் ஒன்று. அந்த நேர்மையைக் காட்டப் படத்தைவிட நல்ல வழி இல்லை.

இதை எல்லைவரை கொண்டுபோனவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த இருவர். டென்னிஸ் வீட்லி அப்போதே நன்றாக விற்பனையாகும் நாவலாசிரியர். ஜே. ஜி. லிங்க்ஸ் லண்டனில் உரோம ஆடை வணிகம் செய்தவர். பிற்காலத்தில் கானலெட்டோவின் ஓவியங்களைப் பற்றி எழுதிப் பெயர் பெற்றவர். லிங்க்ஸின் யோசனை எளிமையானது: கதையை யாரும் சொல்ல வேண்டாம், போலீஸ் கோப்பை அப்படியே வாசகரிடம் கொடுத்துவிடலாம்.

1936-இல் ஹட்சின்சன் பதிப்பகம் வெளியிட்ட மயாமிக் கடற்கரைக் கொலை அப்படித்தான் வந்தது. சோப்பு வணிகப் பெரும்புள்ளி பொலித்தோ பிளேன் ஓர் உல்லாசக் கப்பலில் இருந்து காணாமல் போகிறார். தட்டச்சு செய்த விசாரணை அறிக்கைகள், தந்திகள், கையெழுத்துக் கடிதம், கப்பலில் இருந்தவர்களின் புகைப்படங்கள், அறைகளின் புகைப்படங்கள் ஆகியவை அட்டைக்குள் அடுக்கப்பட்டிருந்தன. கூடவே உண்மையான தலைமுடி, கறை படிந்த திரைச்சீலைத் துண்டு, எரிந்த தீக்குச்சி. இவற்றை ஒவ்வொரு பிரதியிலும் கையால்தான் வைக்க வேண்டியிருந்தது. விடை கடைசிப் பக்கங்களில் ஒட்டி மூடப்பட்டிருந்தது. அறிக்கையில் ஒருவர் சொல்வதையும் புகைப்படத்தில் தெரிவதையும் ஒப்பிட்டு, பொய்யைத் தானே பிடிக்கும் வாய்ப்பு வாசகருக்குக் கிடைத்தது. இந்த வகையின் பெரிய சாதனை அதுதான். வர்ணனையில் எழுத்தாளர் ஒரு பொருளை அழுத்திச் சொல்லிவிட்டால் அது தடயம் என்று தெரிந்துவிடும். புகைப்படத்திலோ முக்கியமானதும் அற்பமானதும் ஒரே அளவில் கிடக்கின்றன.

புத்தகம் அமோகமாக விற்றது. 1937, 1938, 1939 என ஆண்டுக்கொன்றாக மேலும் மூன்று கோப்புகள் வந்தன. அமெரிக்காவில் கியூ. பேட்ரிக் என்ற புனைபெயரில் இதே பாணியில் இரண்டு கோப்புகள் வெளியாயின. வீட்லி-லிங்க்ஸ் இணையின் நான்காவது கோப்பில் சந்தேக நபர்களாக வீட்லியின் நண்பர்களே படத்துக்கு நின்றார்கள். தடயங்களைக் கண்டுபிடிப்பதற்கு மதிப்பெண் முறையும் இருந்தது. அதற்குள் புதிர் வளர்ந்து கதை மெலிந்துவிட்டது. அது வந்த 1939-இலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. காகிதப் பற்றாக்குறையில் இத்தகைய ஆடம்பரத் தயாரிப்புக்கு இடமில்லை. முதல் கோப்பு 1979-இல் மறுபதிப்புக் கண்டது.

படமே தடயமாகும் முறை இன்று ஜப்பானில் மிகத் துடிப்பாக வாழ்கிறது. கொலைக்கதையில் வீட்டு வரைபடம் போடும் வழக்கம் அங்கே நின்றுபோகவே இல்லை. வெள்ளை முகமூடியுடன் யூடியூபில் தோன்றும் உகேட்சு, விசித்திர வீடு நாவலை (2021) ஒரு வீட்டு வரைபடத்திலிருந்தே தொடங்குகிறார். அதில் கதவே இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கிறது. அது எதற்கு என்ற கேள்வியிலிருந்தே கதை விரிகிறது. அடுத்த ஆண்டு வந்த விசித்திர ஓவியங்கள் நாவலில் ஓவியங்களையே உற்றுப்பார்த்து உண்மையை எட்ட வேண்டும்.